பெரியப்பா கடையின் மூன்று ஹார்ட் டிஸ்க்குகள்

குழு: உறையூர் வீடு

ஞாயிறு

ராமநாதன் பெரியப்பா, காலை 7:12
எல்லோருக்கும் வணக்கம். போகிக்குள் கடையைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். செராக்ஸ் மெஷினுக்கு ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். பழைய கம்ப்யூட்டர் மூன்றையும் இன்று பத்து மணிக்குக் காயலான் கடைக்காரர் வந்து எடுத்துக்கொள்வார். யாருக்காவது ஏதாவது வேண்டுமென்றால் இப்போதே சொல்லுங்கள்.

செல்வி சித்தி, 7:20
மானிட்டர் ஒன்று அகிலுக்கு வேண்டும் மாமா.

கதிர், 7:31
பெரியப்பா, உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமல் எதையும் கொடுத்துவிடாதீர்கள். வண்டிக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

ராமநாதன் பெரியப்பா, 7:34
எல்லாவற்றையும் போன வாரமே டெலிட் செய்துவிட்டேன் தம்பி. ரீசைக்கிள் பின்னும் காலி. ஒன்றை ஃபார்மட்கூடச் செய்தேன், ஒரே நிமிடத்தில் முடிந்தது.

கதிர், 7:40
அந்த ஒரு நிமிடம்தான் எனக்குக் கவலை. 500 ஜிபி டிஸ்க்கை உண்மையிலேயே துடைக்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். நீங்கள் செய்தது குவிக் ஃபார்மட். பத்திர ஆபீசில் இன்டெக்ஸ் புத்தகத்தைக் கிழித்துப் போட்டாலும் பத்திரங்கள் அலமாரியில் அப்படியே இருக்குமே, அது மாதிரி. ஃபோட்டோரெக் என்று ஒரு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. டிஸ்க்கை மாட்டி அதை ஓடவிட்டால் பாதிக்கு மேல் திரும்ப வந்துவிடும்.

ராமநாதன் பெரியப்பா, 7:44
கல்யாணப் பத்திரிகை டிசைனும் கடைக் கணக்கும்தானே இருந்தன. அதை எடுத்து யார் என்ன செய்யப் போகிறார்கள்?

விஜயா அத்தை, 7:52
அண்ணா, உன் கணக்கை விடு. உன் கடையில் ஸ்கேன் எடுத்தவர்களின் ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் எங்கே இருக்கிறது?

ராமநாதன் பெரியப்பா, 8:09
ஸ்கேன் என்று ஒரு ஃபோல்டர் உண்டு. 2009-இல் இருந்து இருக்கிறது. மறுபடி கேட்டு வருவார்கள் என்று வைத்திருந்தேன். முதியோர் பென்ஷன் விண்ணப்பம், பள்ளி டிசி, ஆதார், பட்டா... நம் தெரு நெசவாளர் வீடுகள் அத்தனையும் அதில் இருக்கும். வண்டிக்காரரிடம் இப்போதே பேசுகிறேன்.

விஜயா அத்தை, 8:15
நல்லது அண்ணா. 32 வருடம் வங்கியில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். ஒருவர் பெயரில் கடன் வாங்க இந்தத் தாள்களே போதும். மார்கன் ஸ்டான்லி என்ற பெரிய அமெரிக்க நிறுவனம் பழைய கம்ப்யூட்டர்களை அகற்றும் வேலையை, தகவல் அழிப்பில் அனுபவமே இல்லாத, சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியிடம் கொடுத்தது. சில டிஸ்க்குகள் ஏலத்துக்கே போய்விட்டன, உள்ளே வாடிக்கையாளர் விவரத்தோடு. 2022-இல் 3.5 கோடி டாலர் அபராதம். ஒன்றரைக் கோடி வாடிக்கையாளர் விஷயம்.
என் வீட்டிலேயே நடந்ததுதான். பழைய லேப்டாப்பை ஒரு கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து அதை வாங்கியவர் போன் செய்து, உங்கள் மகள் வளைகாப்புப் படங்கள் இதில் இருக்கின்றன, வேண்டுமா என்று கேட்டார். நல்ல மனிதர். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கதிர், 8:24
2003-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் படித்த இரண்டு மாணவர்கள், சைம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும், ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 158 பழைய டிஸ்க்குகளை வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். வேலை செய்தவை 129. அதில் 12 மட்டுமே முறையாகத் துடைக்கப்பட்டிருந்தன. விற்றவர்களில் பலர் பெரியப்பா மாதிரி அழித்துவிட்டோம் என்றே நினைத்திருப்பார்கள்.
மதன், நீ ஊரில்தானே இருக்கிறாய்? ஸ்க்ரூ டிரைவரோடு கடைக்குப் போக முடியுமா?

மதன், 8:26
கிளம்பிவிட்டேன் அண்ணா.

மதன், 10:48
[புகைப்படம்]
மூன்றும் வெளியே வந்தாயிற்று. ஒன்று 500 ஜிபி, பெரிய சைஸ். ஒன்று 240 ஜிபி எஸ்எஸ்டி, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வகை. மூன்றாவது 80 ஜிபி, பட்டையான கேபிள் மாட்டும் பழைய ஐடிஇ. அதற்குக் கரண்ட் கொடுத்தால் டக் டக் என்று சத்தம் மட்டும் வருகிறது.

கதிர், 10:55
எதையும் அழிக்காதே. முதலில் வேண்டியதை எடுக்க வேண்டும். பெரியப்பா ஃபார்மட் செய்தது எது?

மதன், 11:02
எஸ்எஸ்டியை. 500-இல் சில ஃபோல்டர்கள் டெலிட் ஆகாமல் அப்படியே இருக்கின்றன. "அப்பா 60" என்று ஒன்றும் இருக்கிறது.

ராமநாதன் பெரியப்பா, 11:03
தாத்தாவின் அறுபதாம் கல்யாண வீடியோ! சிடி உடைந்ததிலிருந்து அது எங்கேயும் இல்லை என்றிருந்தேன்.

செல்வி சித்தி, 11:05
தாத்தா பேசுவது அதில் இருக்கிறதா மதன்?

மதன், 11:19
இருக்கிறது சித்தி. மாலையைக் கழற்றி வைத்துவிட்டு நன்றி சொல்கிறார். நாலு நிமிடம். காப்பி எடுக்கிறேன்.

கதிர், 11:21
இரண்டு இடத்தில் எடு. ஒன்று உன் லேப்டாப், ஒன்று அத்தையின் எக்ஸ்டர்னல் டிஸ்க். இரண்டிலும் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகு சொல்.

திங்கள்

மதன், மாலை 6:10
இரண்டிலும் ஓடுகிறது. 500-ஐ, டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்தேன். 'குட்' என்று நீல நிறம். 21,400 மணி நேரம் ஓடியிருக்கிறது. கெட்டுப்போன செக்டார், அதாவது எழுத முடியாத இடம், ஒன்றுமில்லை. என் நண்பன் 35 தடவை மேலெழுதினால்தான் அழியும் என்கிறான். அவ்வளவு நாள் ஆகுமா?

கதிர், 6:18
தேவையில்லை. அந்த 35 என்பது 1996-இல் பீட்டர் கட்மன் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் எழுதிய கட்டுரையில் வந்தது. அன்றைய பலவகை டிஸ்க்குகளுக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு. எந்த ஒரு டிஸ்க்குக்கும் 35-ம் தேவையில்லை என்று பிறகு அவரே எழுதினார். இன்றைய டிஸ்க்குக்கு முழுதாக ஒரே ஒரு தடவை பூஜ்ஜியம் எழுதினால் போதும்.
விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க்பார்ட்டில் 'கிளீன்' மட்டும் கொடுத்தால் பார்ட்டிஷன் விவரம்தான், அதாவது டிஸ்க்கை எப்படிப் பிரித்திருக்கிறது என்ற குறிப்புதான், போகும். 'கிளீன் ஆல்' கொடு. அதற்கு முன்னால் எந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய் என்று மூன்று தடவை பார். 500 ஜிபி அங்கே 465 என்றுதான் காட்டும். தவறி அத்தையின் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் தொட்டுவிட்டால் அதில் இருக்கும் தாத்தா வீடியோப் பிரதியும் சேர்ந்து போய்விடும்.

மதன், 6:20
எஸ்எஸ்டிக்கும் அதேதானா?

கதிர், 6:27
இல்லை. எஸ்எஸ்டியில் நாம் எழுதச் சொன்ன இடத்தில் அது எழுதாது. சிப் சீராகத் தேய வேண்டும் என்று உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத உபரி இடமும் உண்டு. பழையது அங்கே தங்கிவிடலாம். அதைத் தயாரித்த கம்பெனியின் டூலை இறக்கி 'செக்யூர் இரேஸ்' கொடு. சில நிமிடத்தில் முடியும். இங்கே மட்டும் சீக்கிரம் முடிந்தால் பயப்பட வேண்டாம்.

செல்வி சித்தி, 6:35
அந்த டக் டக் டிஸ்க்கைப் போகித் தீயில் போட்டுவிட்டால் என்ன கதிர்? அல்லது காந்தத்தை வைத்துத் தேய்த்தால்?

கதிர், 6:44
தீ மட்டும் வேண்டாம் சித்தி. சர்க்யூட் போர்டும் பிளாஸ்டிக்கும் எரியும் புகை விஷம். தெருக் குழந்தைகள் சுற்றி நின்று மேளம் அடிப்பார்கள். வீட்டுக் காந்தத்தால் ஒன்றும் ஆகாது, அந்த டிஸ்க்குக்கு உள்ளேயே அதைவிடப் பலமான காந்தம் இருக்கிறது.
ஓடாத டிஸ்க்கை மென்பொருளால் அழிக்க முடியாது. ஆனால் ரிப்பேர் தெரிந்தவர் ஓட வைத்துவிடலாம். அதனால் டிரில் போட்டு, தகவல் பதிந்திருக்கும் நடுத் தட்டுகள் வழியாக நாலைந்து ஓட்டை. மதன், கண்ணாடி போட்டுக்கொள், கையுறையும். இந்தப் பெரிய சைஸில் தட்டு பெரும்பாலும் அலுமினியம். லேப்டாப் டிஸ்க்கில் பல சமயம் கண்ணாடித் தட்டு, அடித்தால் சில்லாகத் தெறிக்கும்.

செல்வி சித்தி, 6:47
அகில் அந்தக் காந்தத்தை ஸ்கூல் பிராஜெக்ட்டுக்குக் கேட்கிறான்.

கதிர், 6:52
நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் எடுத்துத் தரலாம். ஆனால் இரண்டு காந்தம் சேரும்போது விரல் மாட்டினால் ரத்தம் கட்டிவிடும். பாட்டிக்குப் பேஸ்மேக்கர் இருக்கிறது, அவர் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. பாப்பாவின் கைக்கும் எட்டக் கூடாது.

விஜயா அத்தை, 7:30
கதிர், ஒரு சந்தேகம். செராக்ஸ் மெஷினிலும் டிஸ்க் இருக்குமா?

கதிர், 7:33
நல்ல வேளை கேட்டீர்கள் அத்தை. பெரிய டிஜிட்டல் மெஷின்கள் பலவற்றில் இருக்கும். காப்பி எடுத்த தாளின் படம் அதில் தங்கலாம். பெரியப்பா, மாடல் எண்ணை அனுப்புங்கள்.

ராமநாதன் பெரியப்பா, 7:41
[புகைப்படம்]
மெஷினை வாங்குபவர் நாளை எடுக்க வருவதாக இருந்தார். நான் சொன்ன பிறகு வரச் சொல்லிவிட்டேன்.

கதிர், 8:15
இதில் டிஸ்க் இருக்கிறது. மெனுவில் அதை அழிக்கும் வசதியும் உண்டு, அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். சர்வீஸ் பையனை வரவழைத்து உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள்.

செவ்வாய்

மதன், காலை 11:36
500 முடிந்தது. இரண்டே கால் மணி நேரம். எஸ்எஸ்டியும் முடிந்தது. 80-இல் ஐந்து ஓட்டை. [புகைப்படம்]

கதிர், 11:40
அருமை. எஸ்எஸ்டியை அகிலின் பழைய லேப்டாப்பில் போடலாம், வேகம் அவனுக்கே தெரியும். 500-ஐ, யுஎஸ்பியில் மாட்டும் ஒரு கேஸில் (உறைப்பெட்டியில்) போட்டு வீட்டுப் படங்களுக்கு வைப்போம். தனி அடாப்டரோடு வரும் கேஸ் வாங்கு, பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், யுஎஸ்பி கரண்ட் போதாது. ஆனால் அது மூன்றாவது பிரதியாக மட்டும் இருக்கட்டும். எட்டு வருடம் உழைத்த டிஸ்க், அதை மட்டும் நம்பக் கூடாது.
மற்ற போர்டு, கேபினெட், அந்த 80 எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் கட்டி வை. பொங்கல் முடிந்து திரும்பும்போது காரில் எடுத்துக்கொள்கிறேன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்த மறுசுழற்சிக்காரர் நான் இருக்கும் ஊரில் இருக்கிறார். தெருவோரத்தில் போர்டை ஆசிட்டில் முக்கிச் செம்பு எடுக்கும் பையன்களின் கைக்கு அது போக வேண்டாம்.

ராமநாதன் பெரியப்பா, மதியம் 1:05
காயலான் கடைக்காரருக்கு இரும்பு ரேக்கும் பேப்பர் கட்டும் கொடுத்தேன். அவரும் சந்தோஷமாகப் போனார். செராக்ஸ் மெஷினையும் சர்வீஸ் பையன் வந்து துடைத்துவிட்டான்.
தம்பி, 500 உண்மையிலேயே காலியா என்று எனக்கு ஒரு தடவை காட்ட முடியுமா? வேறு யாருக்கும் வேண்டாம், எனக்கு.

மதன், 1:09
ஃபோட்டோரெக் போட்டுக் காட்டுகிறேன் பெரியப்பா. கடையிலேயே இருங்கள்.

ராமநாதன் பெரியப்பா, மாலை 4:22
மதன் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். கிடைத்த கோப்புகள் பூஜ்ஜியம். நாளைக் காலை சாவியைக் கொடுத்துவிடுகிறேன்.