பீ.டி. பருத்தி, பீ.டி. கத்தரி: நேர்ல பாத்தத சொல்லுங்க

கரிசக்காட்டான்:
நானே ஆரம்பிக்கிறேன். எங்களது பெரம்பலூர் பக்கம், மானாவாரிப் பருத்தி. பீ.டி.ன்னா, ஒரு பாக்டீரியாவோட ஜீன செடியில ஏத்தி, தின்ன புழுவுக்கு செடியே விஷமாகுற மாதிரி செஞ்ச ரகம். பீ.டி. பருத்திக்கு 2002லயே அனுமதி குடுத்துட்டாங்க, எங்கப்பா போட்டது அதுக்கு நாலஞ்சு வருசம் கழிச்சு. அதுக்கு முன்னாடி ஒரு போகத்துக்கு எத்தன தடவ மருந்தடிச்சோம்னு கணக்கே கெடையாது, நான் ஸ்கூல் விட்டு வந்து கொடத்துல தண்ணி சொமந்து ஊத்துவேன், அப்பா வெறும் ஒடம்போட ஸ்ப்ரேயர மாட்டிக்கிட்டு நிப்பாரு, ராத்திரி சோறு எறங்காது, தலைய புடிச்சிக்கிட்டு திண்ணையில சாஞ்சிருவாரு. பீ.டி. வந்த மொத ரெண்டு மூணு வருசம் பச்சைக் காய்ப்புழு கண்ணுலயே படல. எதிர்க்கிறவங்க பலபேரு இத மட்டும் பேச மாட்டாங்க.

ஆனா அந்த குட்டிப் பாக்கெட்டு இருக்கே... அப்பல்லாம் 450 கிராம் பீ.டி. விதையோட 120 கிராம் பீ.டி. இல்லாத விதை தனியா வந்துச்சு. அத காட்டச் சுத்தி போடணும், அங்க பொழைக்கிற சாதாப் புழு உள்ள தப்பிச்ச புழுவோட சேந்தாத்தான் விஷத்துக்கு அசராத எனம் சீக்கிரம் பெருகாது. இதெல்லாம் இப்பத்தான் தெரியும். அன்னிக்கு கடைக்காரர் சொன்னது, "அது சும்மா குடுக்குறதுங்க, மொளைக்காத எடத்துல ஊனிக்குங்க". எங்க வீட்ல பரண்ல போட்டு வச்சோம், எலி தின்னுச்சு. அப்புறம் ஒரு வருசம் வெளிய அழகா இருந்த காய பொளந்து பாத்தா உள்ள ரோஸ் கலர்ல புழு நெளியுது, பஞ்சு மஞ்சளா ஒட்டிக்கிட்டு கெடக்கு. ஏலத்துல கொட்டு ரகம்னு, அதாவது மட்டமான பஞ்சுன்னு, ஓரமா தள்ளிட்டாங்க. குஜராத்ல இதே ரோஸ் புழு 2009லயே மொத பீ.டி. ரகத்துக்கு அடங்காம போயிருச்சாம், எங்களுக்கு யாரு வந்து சொன்னா?

மழைநாள்:
நான் பீ.டி. கத்தரிக்கா சண்டைய பாத்தவன். 2009 அக்டோபர்ல ஜீன் மாத்துன பயிருக்கு அனுமதி பாக்குற மத்தியக் கமிட்டி அதுக்கு ஓகே சொன்னதும் எதிர்ப்பு கெளம்பி, அப்ப மத்திய சுற்றுச்சூழல் மந்திரியா இருந்த ஜெய்ராம் ரமேஷ் 7 ஊர்ல கருத்துக்கேட்பு வச்சாரு. கோயம்புத்தூர் விவசாயப் பல்கலை கோ 2, பாலூர் 1னு நம்ம ரகத்துலயே அந்த ஜீன ஏத்தி வச்சிருந்தும் தமிழ்நாட்டுல ஒரு கூட்டம் கூட கெடையாது, அதனால கடைசிக் கூட்டத்துக்கு பெங்களூருக்கே பஸ் ஏறிட்டோம், 2010 பிப்ரவரி 6. ஒரே கூச்சல், மைக்க ஆளாளுக்கு புடுங்குறாங்க. பக்கத்துல உடுப்பிக்காரர் ஒருத்தர், மடியில நாலு மட்டு குள்ளா கத்தரிக்கா, அவங்க ஊரு நாட்டு ரகம், உருண்டையா பச்சையா இருக்கும். "பீ.டி. செடி மகரந்தம் பறந்து இதுல ஒட்டாதுன்னு எவனாவது எழுதிக் குடுப்பானா"ன்னு என்னையே கேட்டுட்டு இருந்தாரு, மைக்கு அவருக்கு கடைசி வரைக்கும் வரல. மூணே நாள்ல, 9ஆம் தேதி, பீ.டி. கத்தரிய காலவரையில்லாம நிறுத்தி வச்சிட்டாங்க. அன்னிக்கு குதிச்சோம். இன்னிக்கு அந்த அளவுக்கு குதிப்பனான்னு தெரியல.

தோட்டத்து வீடு:
ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு கத்தரி அனுப்புறவன் நான், உண்மைய சொல்லிடறேன். எங்க வீட்டுக்குன்னு கெணத்தோரம் ரெண்டு பாத்தி மருந்தே படாம தனியா நிக்கிது. அதுல பாதிக்காய் சொத்த, அரிஞ்சு தள்ளிட்டு மிச்சத்த கொழம்பு வைப்பாங்க. மார்க்கெட்டுக்குப் போற காய்ல ஒரு ஓட்ட இருந்தா யாவாரி தொடமாட்டாரு, அதனால பறிக்கிறதுக்கு மொத நாள் வரைக்கும் அடிக்கிறவன் இருக்கான். ஜீன் கத்தரி தின்னா என்ன ஆகுமோன்னு பயந்த டவுன்காரங்க இத ஒருநாளும் கேட்டதில்ல. பங்களாதேஷ்ல 2014ல 20 விவசாயிங்களுக்கு பீ.டி. கத்தரி நாத்து குடுத்து ஆரம்பிச்சு இன்னிக்கும் போடுறாங்க. இங்க குடுத்தா நான் போடுவேன், ஆனா அடுத்த வருசத்துக்கு நானே வெத எடுத்துக்கற ரகமா இருக்கணும்.

கரிசக்காட்டான்:
@தோட்டத்து வீடு, அண்ணே அந்த ரெண்டு பாத்தி எங்க வீட்லயும் உண்டு, வெண்டைக்கு.

இன்னொன்னு. போன ஆடியில ஒருத்தன் பைக்ல வந்து களைக்கொல்லி அடிச்சாலும் சாகாத பருத்தி வெதைன்னு நீட்டுனான். அதுக்கு நாட்டுல அனுமதியே கெடையாது, பில்லும் கெடையாது. களையெடுக்க ஆளு கெடைக்காததால எங்க தெருவுல நாலு பேரு வாங்கிட்டாங்க. கூட குட்டிப் பாக்கெட்டு உண்டாப்பான்னு கேட்டேன். அப்பிடின்னா என்னங்கண்ணேன்னான்.