நீலம் பாய்ந்த பலகைகள்: சிறிய மர ஆலை நடத்தியவர்களின் அனுபவங்கள்

பகாவ் பலகைக்காரர் மகன்:

1987ஆம் ஆண்டுத் தீபாவளியை நினைத்தால் எனக்கு முறுக்கின் மணம் வருவதில்லை. புளித்துப்போன பச்சை ரப்பர் பலகையின் வாடைதான் வருகிறது. எங்கள் ஆலை மலேசியாவின் பகாவ் நகரை ஒட்டி, பழைய ரப்பர் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு லயங்களுக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ் ஓடிக்கொண்டிருந்தது. பலகைக்குள் காப்பு மருந்தை அழுத்தி ஏற்றும் தொட்டி வாங்க எங்களுக்கு வசதியில்லை என்பதால், அறுத்த பலகையை அன்றன்றே லாரியில் ஏற்றிப் பக்கத்து ஊர் ஆலைக்கு அனுப்பிவிடுவோம். பால்மரத்தை (ரப்பர் மரத்தைத்தான் அப்படிச் சொல்வோம்) அறுத்தவர்களுக்குக் காரணம் தெரியும்: மருந்தேறாத பச்சைப் பலகையில் சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும்.

அந்த வாரம் எங்கள் லாரி ஓட்டுநர் பண்டிகைக்காகக் கெடா மாநிலத்தில் இருந்த தம் வீட்டுக்குப் போய்விட்டார். வேறு லாரிக்குச் சொல்லிவிடும்படி அப்பா என்னிடம் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். பிறகு வாண வேடிக்கையிலும் நண்பர்கள் வீட்டு விருந்திலும் அதை அடியோடு மறந்துபோனேன். நான்கு நாள் கழித்துக் கொட்டகையைத் திறந்தபோது, வெண்ணெய் நிறத்தில் இருந்திருக்க வேண்டிய அடுக்கு முழுவதும் கறுநீலக் கோடுகள் ஓடியிருந்தன.

அப்பா ஒன்றும் பேசாமல் ஒரு பலகையை இழுத்து மேசையில் வைத்து, இழைப்புளியால் ஒருமுறை இழைத்தார். சுருள் நீலமாகக் கழன்று விழுந்தது. இரண்டாம் முறை இழைத்தார், மூன்றாம் முறையும் இழைத்தார். நீலம் இன்னும் உள்ளேதான் இருந்தது. இழைப்புளியைத் துடைத்து அதன் இடத்தில் வைத்துவிட்டு, சரக்கைத் தட்டுப்பெட்டி செய்பவருக்கு வந்த விலைக்குக் கொடுத்துவிடச் சொன்னார். லாரியைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, அதன் பிறகு உயிரோடு இருந்தவரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை இங்கே எழுதியிருக்க மாட்டேன்.

ஜெம்போல் முன்னாள் மேற்பார்வையாளர்:

தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் லாரியின் மேல் பழி போடுவதை நான் ஏற்க மாட்டேன். அறுக்கும் இடத்திலேயே ஒரு பீப்பாயில் போராக்ஸ் என்ற போரான் உப்பைக் கரைத்து வைத்து, ரம்பத்திலிருந்து இறங்கும் பலகையை அதில் முக்கி எடுத்திருந்தால் நான்கு நாள் என்ன, பத்து நாள்கூடத் தாங்கியிருக்கும். எங்கள் ஆலையில் அப்படித்தான் செய்தோம்.

என் அனுபவம் சிறியது. ஒருமுறை முதலாளி மருந்துச் செலவைக் குறைக்கச் சொன்னார் என்று கரைசலில் தண்ணீரைக் கூட்டினேன். மூன்று மாதம் கழித்து, சரக்கு வாங்கிய நாற்காலிக் கடைக்காரர் ஒரு கால்துண்டை என் மேசையில் தட்டினார். குண்டூசித் தலை அளவு ஓட்டைகளிலிருந்து மாவு போன்ற தூள் கொட்டி, என் கணக்குப் புத்தகத்தில் ஒரு சிறு குவியலாக நின்றது. அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தத் தூளை ஊதிவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே இளையவர்களுக்குச் சொல்கிறேன்: மருந்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மரத்தை வெட்டிய மறுநாளுக்குள் அறுத்துவிடுங்கள். அறுத்த அன்றே மருந்தேற்றுங்கள். மருந்தேறிய பலகையை மழையில் போடாதீர்கள், ஏனென்றால் போரான் உப்பு தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும். அடுக்கும்போது ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் ஒரே கனமுள்ள குச்சிகளை ஒன்றன் மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் வையுங்கள். குச்சி கோணினால் பலகையும் கோணிக்கொள்ளும். பலகை காய வைக்கும் உலையில் முதல் நாளே சூட்டை ஏற்றாதீர்கள். ஓர் அங்குலப் பலகை பதமாகக் காய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதை வாங்குபவர் அவசரப்படுத்தினாலும் மறக்காதீர்கள்.

லாபிஸ் மருமகள்:

மேற்பார்வையாளர் ஐயா மன்னிக்க வேண்டும். போராக்ஸ் வண்டையும் புழுவையும்தான் நன்றாகத் தடுக்கும். நீலம் பாய்வது பூஞ்சையின் வேலை, அதற்குப் போராக்ஸ் மட்டும் போதாது. அந்தக் காலத்து ஆலைகளில் பூஞ்சைக்கென்று கலந்தது பென்டாகுளோரோபீனால் உப்பு என்ற நஞ்சு. அதில் கைவிட்டவர்களின் தோல் உரிந்ததை என் மாமனார் ஆலையில் நானே பார்த்திருக்கிறேன். உங்கள் பீப்பாயிலும் அதுதான் கலந்திருக்கும். பெயர் மட்டும் போராக்ஸாக இருந்திருக்கும்.

நான் எழுத வந்தது அளவைப் பற்றி. கல்யாணமாகி வந்த புதிதில் கணக்கு எழுதும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. மரத்துக்கு ஒரு டன் என்றால் 50 கன அடி. ஓர் அங்குலக் கனம், நான்கு அங்குல அகலம், மூன்று அடி நீளமுள்ள துண்டு 12 சேர்ந்தால் ஒரு கன அடி. 600 சேர்ந்தால் ஒரு டன். காய்ந்து சுருங்கும் என்பதற்காக நாங்கள் ஓர் அங்குலத்துக்குப் பதில் ஒன்றே அரைக்கால் (1⅛) அங்குலமாக அறுத்தோம். வாங்குபவர் காசு கொடுப்பதோ ஓர் அங்குலத்துக்கு மட்டும். எட்டுப் பங்குக்கு ஒரு பங்கு மரம் இனாம் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் அறிந்த வழக்கம். அதில் எனக்குச் சண்டையில்லை.

ஒருநாள் மூவார் பக்கத்து மேசை நாற்காலித் தொழிற்சாலையிலிருந்து வந்தவர், அந்தக் கூடுதல் கனத்தையும் வாங்கிக்கொண்டு, கட்டுக்கு 20 துண்டு குறைத்து எழுதினார். நான் எழுந்து எண்ணிக்காட்டினேன். அவர் என்னைப் பார்க்காமல் மாமனாரைப் பார்த்து, "தவுக்கே (முதலாளி), உங்கள் வீட்டில் பெண்கள்தான் சரக்கு விற்பதா?" என்று கேட்டார். மாமனார் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "உள்ளே போய்த் தேநீர் கொண்டுவாம்மா" என்றார். தேநீருடன் திரும்பி வந்தபோது ரசீதில் அவர் எழுதிய எண்ணிக்கையின் கீழ் மாமனார் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த ரசீதின் கரிப்படி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆலையை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ரப்பர் தோட்டமெல்லாம் எண்ணெய் தரும் செம்பனையாகிவிட்ட பிறகு அறுப்பதற்கு மரம் எங்கே இருக்கிறது?

ரம்பம் தீட்டியவர் மகன்:

எல்லாரும் பலகையைப் பற்றிப் பேசுகிறீர்கள். ரம்பத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பால்மரம் இரும்பைச் சாப்பிடும் மரம். முப்பது வருடம் மங்கு, அதாவது பால் பிடிக்கும் கிண்ணம், மாட்டிய கம்பியும், பால் வடிய அடித்த தகரமும் பட்டைக்குள் போய், அதன் மேல் மரம் வளர்ந்து மூடிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு மேடுகூடத் தெரியாது.

பள்ளி விடுமுறையில் அப்பாவுடன் ஆலைக்குப் போயிருந்தேன். ரம்பத்தின் ஓசை மாறியது. பிறகு துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம் கேட்டது. ரம்பப் பல் ஒன்று என் காதோரம் போய்ப் பின்னால் இருந்த தூணில் பாதி புதைந்து நின்றது. வேலையை நிறுத்தி அடிமரத்தைப் புரட்டினால், வெட்டுமுகத்தில் மங்குக் கம்பியின் வளையம் கறுப்பு வட்டம் சூழப் பளபளத்தது. அப்பா என்னைத் தடவிப் பார்த்தார், தூணைப் பார்த்தார், பல்லைப் பிடுங்கவில்லை. மறுநாளிலிருந்து தம் தூக்குச்சட்டியை அதில்தான் மாட்டினார். ஆலை பிரிக்கப்பட்ட நாள்வரை அந்தச் சட்டி அங்கேதான் தொங்கியது. எனக்கு அது சரியாகப் படவில்லை, இன்றும் படவில்லை.

பகாவ்காரர் அறுக்கும் முன் அடிமரங்களைச் சோதித்தாரா என்று எழுதவில்லை. சோதிக்க வேண்டும். பால் வெட்டிய தழும்பு தரையிலிருந்து ஆள் உயரம்வரைதான் இருக்கும்; இரும்பும் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கும். அந்த முதல் ஆறடித் துண்டைத் தனியே ஒதுக்கிப் பட்டையை உரித்துப் பாருங்கள். மரத்தில் நீலக்கறுப்புக் கறை தெரிந்தால் அது பூஞ்சையாகவும் இருக்கலாம், உள்ளே துருப்பிடித்த ஆணியாகவும் இருக்கலாம். உளியால் கொத்திப் பார்த்துவிடுங்கள். ரம்பத்தில் பால் ஒட்டி இறுகினால் பல் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடேறும், சூடேறினால் தகடு நெளியும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அடிக்கடி துடைக்க வேண்டும், ரம்பம் நின்ற பிறகுதான் துடைக்க வேண்டும். ஓடும்போதே துடைத்த ஒருவருக்கு இரண்டு விரல் போனது. சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதித் திட்டத்தில் பதிந்திருந்ததால் இழப்பீடாவது கிடைத்தது. அறுக்கும்போது மரம் தானாகவே வளைந்து ரம்பத்தைக் கவ்வினால், பின்பக்கம் ஆப்பு அடியுங்கள். மரத்தைத் தள்ளுபவரைத் திட்டாதீர்கள். காற்றுக்கு ஒருபக்கம் சாய்ந்து வளர்ந்த மரத்தின் குணம் அது.

ஜெம்போல் முன்னாள் மேற்பார்வையாளர்:

லாபிஸ் மகளே, கரைசலில் இரண்டு தூள் கலந்தோம் என்பது உண்மைதான். இரண்டாவது தூளின் பெயர் எங்களுக்குச் சொல்லப்படவில்லை. பச்சை மூட்டை என்றுதான் சொல்வோம். பீப்பாய் வேண்டும் என்று நான் சொன்னது மட்டும் தவறில்லை.

பகாவ் பலகைக்காரர் மகன்:

அடிமரத்தைச் சோதித்தோமா என்று கேட்டவருக்கு: சோதித்தோம், சித்தப்பாவின் கோடரிக்கு அதுதான் வேலை. மேற்பார்வையாளர் ஐயா சொன்ன பீப்பாய் எங்களிடமும் இருந்தது. அதில் மருந்து தீர்ந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு அதைக் கழுவி, கவிழ்த்து, அதன் மேல் ஏறி நின்றுதான் ஆலை வாசலில் வண்ண விளக்குகளைக் கட்டினேன். அப்பா கீழே நின்று பீப்பாயைப் பிடித்துக்கொண்டார்.