கொடுவா தூண்டில் படகு: புது அச்சு போடும் முன் என்னென்ன மாற்றச் சொல்லலாம்?

தடா_தூண்டில்:
வணக்கம். பழவேற்காடு ஏரியிலும் பக்கிங்காம் கால்வாயிலும் கொடுவா மீனுக்கு லூர் (செயற்கை இரை) வீசுகிறவர்களுக்கென்றே 18 அடி ஃபைபர் படகுக்கு எங்கள் பக்கத்துப் பட்டறை ஒன்றில் புது அச்சு (படகின் கூட்டை வார்த்தெடுக்கும் மாதிரி) போடுகிறார்கள். இப்போது ஓடுகிறவை பெரும்பாலும் வலைப் படகுகள்தான். முன்னால் ஒரு பலகை அடித்து, பின்னால் பேட்டரியை வைத்து சமாளிக்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ் மீனுக்கென்று வரும் படகுகளில் வீசும் மேடை, உயிர்மீன் தொட்டி, தூண்டில் பெட்டி, முன்பக்க மின்மோட்டார் எல்லாமே அச்சோடு சேர்ந்து வருகின்றன. ஆனால் அவற்றில் பல 200 குதிரைத்திறனுக்கு மேல் எஞ்சின் போட்டு, ஆழமான நன்னீர் அணைகளில் ஓடுகிற படகுகள். நம் ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர். அடியில் சேறும் சிப்பி ஓடும். மழைக்காலத்தில் ஏறக்குறைய நன்னீர், கோடையில் முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் கடலைவிட உப்பு.

15 குதிரைத்திறன் அவுட்போர்டு, மூன்று ஆள் என்ற கணக்கில் படகு வேண்டும். படகு வைத்திருப்பவர்கள் "இது மட்டும் அச்சிலேயே இருந்திருந்தால்" என்று நினைப்பவற்றைச் சொல்லுங்கள். அச்சு காய்ந்துவிட்டால் பிறகு மாற்ற வழியில்லை.

ஃபைபர்_ஆரம்பாக்கம்:
தம்பி, முதலில் மிதவை, மற்றதெல்லாம் பிறகு. நம் பட்டறைகளில் பெரும்பாலும் அணியத்தில் (படகின் முன்முனையில்) ஒரு மூடிய அறை வைத்து அதையே மிதவை என்கிறார்கள். அதில் ஒரு திருகாணி ஓட்டை விழுந்தால் அந்த அறையும் தண்ணீர்த் தொட்டிதான். அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த அவுட்போர்டு படகு தண்ணீர் நிறைந்த பிறகும் மட்டமாக மிதக்க வேண்டும் என்று 1970களிலிருந்தே சட்டம் உண்டு. அங்கிருந்து முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது மேடையோ தொட்டியோ அல்ல, இதுதான்.

கணக்கு இப்படி. ஃபைபர் கூடு 250 கிலோ என்றால் தண்ணீருக்குள் அதன் எடை மூன்றில் ஒரு பங்கு, சுமார் 85 கிலோ. 50 கிலோ எஞ்சின் மூழ்கினால் 40 கிலோவுக்கு மேல் இழுக்கும். பேட்டரிகளுக்கு 35, நங்கூரம், சாமான் எல்லாம் சேர்த்து 20. பிடித்துக்கொண்டிருக்கும் மூன்று பேருக்கு ஆளுக்கு 25 என்று தாராளமாக வையுங்கள். மொத்தம் 255 கிலோ. ஒரு லிட்டர் ஃபோம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தூக்கும். ஆகவே 270 லிட்டர் ஃபோமுக்கு இடம் விட்டு அச்சை வரையச் சொல்லுங்கள்.

எங்கே வைப்பது என்பது அளவைவிட முக்கியம். எல்லாவற்றையும் தரைக்கு அடியில் ஊற்றினால், தண்ணீர் நிறைந்த படகு கவிழ்ந்து வயிற்றைக் காட்டும். பாதிக்கு மேல் இரண்டு பக்கவாட்டிலும் விளிம்புக்குக் கீழே உயரத்தில் இருக்க வேண்டும். எஞ்சின் எடைக்கு ஈடாகப் பின்மூலைகள் இரண்டிலும் வேண்டும். தெர்மோகோல் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் பட்டாலும் கரையும், பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் பட்டாலும் கரையும். இரண்டு திரவம் கலந்து ஊற்றும் பாலியூரித்தேன் ஃபோம், கன மீட்டருக்கு 32 கிலோ அடர்த்தி, போதும். ஒரே ஊற்றாக ஊற்றினால் உள்ளே சூடேறிக் கருகும், பக்கச்சுவரும் வெளியே உப்பிவிடும். கொஞ்சம் ஊற்றி, எழும்பி ஆறிய பிறகு அடுத்தது. நீளவாக்கில் பாதியாக அறுத்த பிவிசி குழாயைக் கவிழ்த்துப் பதித்துவிட்டு அதன் மேல் ஊற்றினால், உள்ளே வரும் தண்ணீர் தேங்காமல் வடிகாலுக்கு ஓடும். அது இல்லாத படகில் ஃபோம் வருடக்கணக்கில் தண்ணீரிலேயே ஊறிக்கொண்டிருக்கும்.

அடுத்தது எடை எங்கே உட்காருகிறது என்பது. இந்த அளவுப் படகு சுமார் 60 கிலோ ஏற்றினால் ஒரு சென்டிமீட்டர் இறங்கும், அதுவும் எடை நடுவில் இருந்தால். அதே 60 கிலோ பேட்டரியைப் பின்சுவரோடு ஒட்டி வைத்தால் அமரம் (பின்முனை) அதைப்போல் பல மடங்கு புதையும், அணியம் தூக்கிக்கொள்ளும். ஒரு மீட்டர் தண்ணீரில் எஞ்சினின் அடித் துடுப்பு சேற்றை உழுவது பெரும்பாலும் இதனால்தான். பேட்டரி அறையையும் பெட்ரோல் டேங்க் இடத்தையும் படகின் நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே காற்றுப் புகாத தடுப்புச் சுவர் இருக்கட்டும்.

கரண்ட்_கும்மிடி:
அண்ணன் சொன்னதோடு ஒன்று: பேட்டரியை நடுவில் வைத்தால் முன்மோட்டாருக்குப் போகும் வயரும் பாதியாகக் குறையும். ட்ரோலிங் மோட்டார் (அந்த முன்பக்க மின்மோட்டார்தான்) மெதுவாகிறது, பேட்டரி சீக்கிரம் போகிறது என்று வரும் புகார்களில் பாதி வயர் மெலிந்ததால் வருபவை.

55 பவுண்டு தள்ளுவிசை கொண்ட 12 வோல்ட் மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு 4 மீட்டர் என்றால் போக வர 8 மீட்டர் செம்பு. 6 சதுர மில்லிமீட்டர் வயரில் 1.1 வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே போய்விடும், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.43 வோல்ட். 25 போட்டால் 0.28. குறைந்தது 16 வேண்டும். வீட்டு வயர் உப்புக்காற்றில் தோலுக்கு அடியிலேயே பச்சை பூத்துக்கொண்டு போகும், வெளியே தெரியாது. ஈயம் பூசிய செம்புக் கம்பியாக வாங்குங்கள். வயர் முனையில் மாட்டும் லக்கை அழுத்தி இறுக்கி (கிரிம்ப் செய்து), உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயால் மூடுங்கள். கறுப்பு டேப் ஒரு கோடைகூடத் தாங்காது.

60 ஆம்பியர் பிரேக்கர் பேட்டரி முனையிலிருந்து 18 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பல படகுகளில் அதை அணியத்தில் மோட்டார் பக்கத்தில் வைக்கிறார்கள். நடுவழியில் வயர் உரசித் தேய்ந்து ஷார்ட் ஆனால், பிரேக்கருக்கு முன்னால் உள்ள நீளம் முழுவதும் தீப்பிடிக்கும், பிரேக்கர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் அச்சோடு எப்படிச் சேரும் என்றால், பேட்டரி அறையிலிருந்து அணியம் வரை 50 மில்லிமீட்டர் குழாய் ஒன்றை ஃபோம் ஊற்றும் முன்பே பதித்துவிடச் சொல்லுங்கள், உள்ளே ஒரு இழுகயிற்றோடு. பிறகு எந்த வயரை மாற்றவும் தரையை வெட்ட வேண்டியதில்லை.

பழவை_வீச்சு:
மேடையைப் பற்றி இரண்டே விஷயம். விளிம்பைவிட 25 முதல் 30 சென்டிமீட்டர் தாழ இருக்கட்டும். விளிம்பு உயரத்துக்கே மேடை கட்டினால் முழங்கால் முட்டுக்கொடுக்க இடமில்லை. கொடுவா அடித்துப் படகுக்கு அடியில் பாயும்போது நிற்கிறவர்தான் விழுவார். அடுத்து, கயிறு கட்டும் கொம்புகள் மேடைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பிரெய்டு நூல் (பின்னல் தூண்டில் நூல்) ஒவ்வொரு வீச்சிலும் அதில்தான் சிக்கும். அழுத்தினால் உள்ளே போகும் வகை வையுங்கள், இல்லாவிட்டால் விளிம்பின் வெளிப்பக்கம்.

தூண்டில் பெட்டியின் உள்நீளம் ஏழரை அடி இருந்தால்தான் 7 அடிக் கம்பு வளையாமல் படுக்கும். மூடியைச் சுற்றி வடிகால் வாய்க்கால் அச்சிலேயே வரட்டும். ரப்பரை மட்டும் நம்பினால் முதல் மழையிலேயே லூர் கொக்கியெல்லாம் துரு.

தடா_தூண்டில்:
அண்ணன்மாருக்கு நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். உயிர்மீன் தொட்டி நமக்குத் தேவையா? பேட்டரி, சாதா ஆசிட்டா லித்தியமா?

கரண்ட்_கும்மிடி:
100 ஆம்பியர்-மணி ஈய ஆசிட் டீப் சைக்கிள் (ஆழமாக வடித்து மறுபடி ஏற்றும் வகை) பேட்டரி கிட்டத்தட்ட 28 கிலோ. பாதிக்கு மேல் வடித்தால் ஆயுள் போகும். அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் 11 முதல் 13 கிலோ, 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கலாம். ஆகவே இரண்டு ஈய பேட்டரி செய்யும் வேலையை ஏறக்குறைய ஒரே லித்தியம் செய்யும், படகில் 40 கிலோ குறையும். இந்த ஆழத்தில் அந்த 40 கிலோவுக்காகவே நான் லித்தியம் என்பேன். வாங்கும்போது உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று) தொடர்ச்சியாக எத்தனை ஆம்பியர் விடும் என்று பாருங்கள். சோலார் விளக்குக்கான மலிவுப் பேட்டரிகள் 50 ஆம்பியரிலேயே வெட்டிக்கொள்ளும். எதிர்காற்றில் முழு வேகம் வைத்த நேரம் பார்த்து மோட்டார் நின்றுவிடும். 100 ஆம்பியர் பிஎம்எஸ் வேண்டும். சார்ஜரும் 14.4 முதல் 14.6 வோல்ட் தரும் அதற்குரிய சார்ஜராக இருக்கட்டும். எஞ்சின் தரும் சில ஆம்பியரை நம்பி இறங்காதீர்கள்.

ஏரி_மீன்:
தொட்டி: மீனைத் திரும்ப விடுகிறவர்களுக்கு நல்ல வலையும் ஈரக் கையும் போதும். படகோரமாகவே கொக்கியைக் கழற்றி விடலாம். தொட்டியில் வைத்தே ஆக வேண்டும் என்றால் 80 லிட்டருக்குக் குறையக் கூடாது. நிரம்பினால் அது ஒரு ஆளைவிட அதிக எடை. அதனால் அதுவும் நடுவில்தான். மூலைகள் வளைவாக இருக்கட்டும். சதுர மூலையில் மீன் மூக்கை இடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். 30 டிகிரி சூட்டில் நன்னீரிலேயே லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் நிற்கும், உப்பு கூடக் கூட இன்னும் குறையும். அதே தண்ணீரைச் சுற்றவிடும் ஏரேட்டர் மட்டும் போதாது. வெளித்தண்ணீரை உள்ளே தள்ளும் பம்பும் மேல்வழிவுக் குழாயும் சேர்ந்து வேண்டும். உறிஞ்சும் வாயில் சல்லடை அவசியம், நம் ஏரியின் பாசியும் சேறும் ஒரு மணி நேரத்தில் அடைத்துவிடும். சல்லடையை உள்ளிருந்து கழற்றிக் கழுவ வழி வையுங்கள்.

எஞ்சின்_பொன்னேரி:
பின்சுவரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எஞ்சின் வாங்கும் முன்பே ஷாஃப்ட் (எஞ்சின் காலின் நீளம்) எது என்று முடிவு செய்யுங்கள். ஷார்ட் ஷாஃப்டுக்கு 15 அங்குலம், லாங் ஷாஃப்டுக்கு 20 அங்குலம் சுவர் உயரம். ப்ரொப்பல்லருக்கு மேலே உள்ள தட்டு படகின் அடிமட்டத்தோடு சமமாக, அதிகம் போனால் 25 மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும். அதைவிட மேலே போனால் காற்றை உறிஞ்சி ப்ரொப்பல்லர் வெறுமனே சுற்றும். கீழே போனால் இழுவை கூடி, ஆழமில்லாத இடத்தில் சேறு தொடும்.

சுவரின் உள்ளே வைக்கும் பிளைவுட் ஐஎஸ் 710 (கடல் பயன்பாட்டுப் பிளைவுட் தரம்) முத்திரை உள்ளதாக இருக்கட்டும். போல்ட் ஓட்டையைத் தேவைக்குப் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் அடைத்து, அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைத்தால் மரத்துக்குத் தண்ணீர் போகவே போகாது. வெறும் சிலிக்கான் தடவினால் சில வருடத்தில் மரம் ஊறும். சுத்தியல் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தால் 'டொக்' என்று அடைத்த சத்தம் வரும். அப்போது முழுச் சுவரையும் வெட்டி எடுக்க வேண்டியதுதான்.

எஞ்சினில் தொங்கும் ஆனோடு (எஞ்சினுக்குப் பதில் தான் அரிபடும் உலோகத் துண்டு) துத்தநாகமாக இருந்தால் அலுமினியத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உப்பு குறைந்த மாதங்களில் துத்தநாகத்தின் மேல் படலம் படிந்து வேலை செய்யாமல் நின்றுவிடும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். 10 மைக்ரான் நீர்பிரி ஃபில்டரைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், பாதி டேங்கை வாரக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். கில் சுவிட்ச் கயிறு (ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது) ஓட்டுகிறவர் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல் அது கட்டாயம்.

தடா_தூண்டில்:
பணம் முட்டினால் எதைத் தள்ளிப்போடலாம்?

ஃபைபர்_ஆரம்பாக்கம்:
மீன் தேடும் சோனார். 200 கிலோஹெர்ட்ஸில் 20 டிகிரி கூம்பு, ஒரு மீட்டர் ஆழத்தில் 35 சென்டிமீட்டர் அகலத்தைத்தான் காட்டும், அதுவும் படகுக்கு நேர் அடியில். தொட்டியும் பிறகு வரலாம். படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்பைத் தள்ளிப்போடாதீர்கள். மெயின் சுவிட்சைத் தாண்டி பேட்டரியிலிருந்து நேராக, அதற்கென்று தனி ஃபியூஸோடு, மிதவை சுவிட்சில் ஓடட்டும். ஆனால் அதை நம்பி வடிகால் ஓட்டையை அடைக்கும் தக்கையை மறக்கக் கூடாது. ஒரு அங்குல வடிகால் நீர்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே திறந்திருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் உள்ளே வரும், மணிக்கு 1,800. 500 கேலன் பம்பின் மேல் 1,900 லிட்டர் என்று எழுதியிருந்தாலும், குழாய் ஏறி வெளியே ஊற்றும்போது அவ்வளவு தராது.

கடைசித் தவணை கொடுக்கும் முன் முதல் கூட்டை இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கச் சொல்லுங்கள். எஞ்சினும் பேட்டரியும் இருக்கும் இடத்தில் அதே எடைக்கு இரும்பைக் கட்டி, தக்கையைப் பிடுங்கி, விளிம்பு வரை தண்ணீர் நிரப்புங்கள். மூன்று பேர் ஒரே பக்க விளிம்பைப் பிடித்துத் தொங்க வேண்டும். கவிழாமல் மட்டமாக நின்றால் வாங்குங்கள். ஒரு மூலை அமிழ்ந்தால் அந்த மூலையில் ஃபோம் போதவில்லை, அடுத்த கூடு எடுக்கும் முன் அச்சைத் திருத்தச் சொல்லுங்கள்.