மறு: டிதரிங் – 'புள்ளித்தூவல்' என்று வைக்கலாம்

வணக்கம் நண்பர்களே,

வரைகலை மென்பொருளைத் தமிழாக்கும்போது, சில நிறங்களின் புள்ளிகளைத் தூவி இல்லாத நிறத்தைக் காட்டும் 'டிதரிங்' (dithering) அமைப்புக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளில் 'தடுமாற்றம்' என்பது அந்த ஆங்கிலச் சொல்லின் அகராதிப் பொருளைப் பார்த்து வைத்தது. அதை விட்டுவிடலாம். 'நிறக்கலப்பு' அழகாக இருக்கிறது, ஆனால் இங்கே எந்த நிறமும் கலப்பதில்லை. கையில் இருக்கும் இரண்டு நிறங்களின் புள்ளிகளை அடுத்தடுத்துப் போட்டால், இல்லாத மூன்றாவது நிறம் இருப்பதாகக் கண்ணுக்குத் தெரிகிறது. 'நிறத்தூவல்' எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பேனாவைத் தூவல் என்பவர்கள் நம்மில் பலர். வரைகலை மென்பொருளில் அந்தச் சொல்லைப் பார்த்தால் வண்ணப் பேனா என்றுதான் நினைப்பார்கள். அதனால் 'புள்ளித்தூவல்' என்கிறேன்.

இது யாருக்குத் தேவைப்படும் சொல் என்று பாருங்கள். அசையும் ஜிஃப் படம் ஒன்றை ஒருவர் பதிவேற்றுகிறார். கோப்பு பெரிதாக இருக்கிறது என்று தளம் ஏற்க மறுக்கிறது. தளம் எம்பி4 ஏற்றுக்கொண்டால் வீடியோவாக மாற்றிவிடலாம், பெரும்பாலும் அதுவே போதும். ஜிஃப்தான் வேண்டும் என்றால், அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கலாம். படப்புள்ளிகள் கால் பங்காகிவிடும். ஒன்றுவிட்டு ஒரு சட்டகத்தை (ஃபிரேம்) நீக்கி, மீதிச் சட்டகங்களின் நேரத்தை இரட்டிப்பாக்கலாம். இந்த அமைப்புகள் எல்லாம் பெயரைப் பார்த்தாலே புரியும். 'டிதரிங்' மட்டும் புரியாது, அதைத் தொடாமலே விட்டுவிடுவார். எடை ஒளிந்திருக்கும் இடம் பல நேரம் அதுதான்.

ஜிஃபில் ஒரு நிற அட்டவணைக்கு அதிகபட்சம் 256 நிறங்கள். மாலை வானம் உள்ள படத்தை 64 நிறத்துக்குக் குறைத்தால் ஆரஞ்சு பட்டை பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டைகளின் விளிம்பை மறைக்கத்தான் மென்பொருள் புள்ளி தூவுகிறது. ஆனால் ஜிஃபின் எல்இசட்டபிள்யூ சுருக்கமுறை, திரும்பத் திரும்ப வரும் வரிசைகளை வைத்தே அளவைக் குறைக்கிறது. ஒரே ஆரஞ்சாக ஓடும் வரி சில குறியீடுகளில் அடங்கிவிடும், தூவிய வரி அப்படி அடங்காது.

அப்புறம், உட்பிரிவுகளுக்கும் இந்தச் சொல் வளைந்துகொடுக்கிறது. 1976இல் ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் வெளியிட்ட முறையில், ஒரு புள்ளியின் நிறப்பிழை பக்கத்துப் புள்ளிகளுக்குப் பரவுகிறது. இதைப் 'பரவல் தூவல்' எனலாம். படத்தின் ஒரு மூலையில் ஏதாவது சின்னதாக அசைந்தாலும் புள்ளிகள் வேறிடங்களிலும் மாறக்கூடும். அப்படி மாறினால், முந்தைய சட்டகத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் சேமிக்கும் உத்தி வீணாகிவிடும். நிலையான கட்டத்தை வைத்துத் தூவுவது 'ஒழுங்குத் தூவல்'. அசையாத பின்னணியில் புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருப்பதால் கோப்பு சிறிதாகும். பட்டையும் வேண்டாம், அளவும் குறைய வேண்டும் என்பவருக்கு இதுதான் வழி.

மென்பொருளின் பட்டியில் (மெனு) 'புள்ளித்தூவல்: இல்லை / ஒழுங்கு / பரவல்' என்று போட்டால் சுருக்கமாக இருக்கும். வினையாக 'புள்ளி தூவு', 'புள்ளி தூவிய படம்' என்று எழுதலாம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், மொழிபெயர்ப்புக் கோப்பில் சேர்க்கும் முன் பேசிவிடலாம்.