சீன நீதிமன்றத் தளங்கள், செயலிகள்: ஆய்வில் உங்களை இன்னும் உறுத்தும் ஒரு சம்பவம்

வேம்பு:
முனைவர் பட்ட ஆய்வேடு கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. சீன நீதிமன்றத் தீர்ப்புகளைப் பொதுவில் ஏற்றும் வென்ஷு தளத்தைத் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள், நேரே விஷயத்துக்கு வருகிறேன். 2021இல் நிர்வாக வழக்குத் தீர்ப்புகள் கொத்துக் கொத்தாகக் காணாமல் போயினவே, அந்த நாட்கள். வீட்டை இடித்ததற்காக உள்ளூர் அரசின் மேல் வழக்குப் போட்ட ஒரு பெரியவரின் தீர்ப்பு கிடைத்தது. பெயரை மறைத்து 'ஜாங் மோ', அதாவது 'ஜாங் என்பவர்', என்று போட்டிருந்தார்கள். இழப்புப் பட்டியலில் ஓடு, கிணறு, மாட்டுக்கொட்டில், கடைசியாக 'இலந்தை மரம் மூன்று, காய்ப்பில் உள்ளவை'. அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். காலையில் மொழிபெயர்த்துக்கொள்ளலாம் என்று வழக்கு எண்ணை மட்டும் நோட்டில் குறித்துவிட்டுப் படுத்தேன். மற்ற வேலைகளில் இரண்டு வாரம் ஓடிவிட்டது. அப்புறம் எண்ணைத் தட்டினால் ஒன்றுமே வரவில்லை. எந்த நீதிமன்றம், எந்த ஆண்டு, எல்லாம் அந்த எண்ணிலேயே இருக்கிறது. தீர்ப்பு மட்டும் இல்லை. அப்பட்டமான தணிக்கை இது.

கடல்காகம்:
ஹாங்ஜோவில் களப்பணி, அதே 2021. சுகாதாரக் குறியீடு பற்றிய அத்தியாயம், கொரோனா காலத்தில் போனில் பச்சை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் முடியாது என்றார்களே, அது. 2020 பிப்ரவரியில் அந்தக் குறியீடு முளைத்ததே ஹாங்ஜோவில்தானே. மெட்ரோ வாசலில் ஒரு பாட்டி, கையில் பட்டன் போன். பச்சைக் குறியீட்டைக் காட்டச் சொல்கிறான் காவலாளிப் பையன். பாட்டி போனைத் திறந்து, வெற்றுத் திரையை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். பச்சை எங்கே வரும் என்று அவருக்குத் தெரியவில்லை. குறியீட்டை மட்டுமே அனுமதிச் சீட்டாக்கக் கூடாது, முதியோருக்கு மாற்று வழி வேண்டும் என்று 2020 நவம்பரிலேயே மத்திய அரசு உத்தரவு போட்டிருந்தது. அன்று காலையில்தான் அதைப் படித்து அடிக்கோடு போட்டிருந்தேன். என் பையில் இருந்தது. எடுக்கவில்லை. வெளிநாட்டுக்காரி, விசா, வம்பு எதற்கு என்று நின்றேன். பாட்டி திரும்பிப் போய்விட்டார்.

மறு வருடம் ஹெனானில், வங்கியில் போட்ட பணத்தைக் கேட்டவர்கள் 1,317 பேருக்குச் சிவப்பு விழுந்தது, அதிகாரிகள்மேல் நடவடிக்கை வந்தது. எல்லாரும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறோம், நானும் காட்டியிருக்கிறேன். தூக்கம் கெடுவது என்னவோ பாட்டியால்தான்.

பழுப்புக்கோப்பு:
வேம்பு, கோபித்துக்கொள்ளாதீர்கள். தணிக்கை என்ற ஒரு சொல்லில் இதை அடக்க முடியாது. நான் பேட்டி கண்ட ஒருவர், கடன் வழக்கில் தோற்றவர். அபூர்வமான குடும்பப் பெயர், பாதி மறைத்தும் பயனில்லை. வேலை கேட்டுப் போகும் இடமெல்லாம் அந்தத் தீர்ப்பைத் தேடி எடுத்துவிடுகிறார்கள் என்று, என் டீயை ஆறவிட்டு, அரை மணி நேரம் பேசினார். தீர்ப்புகளை எடுப்பதற்குச் சொல்லும் தனியுரிமை என்ற வாதத்தில் உண்மையும் இருக்கிறது. அதே சமயம் உச்ச நீதிமன்றமே சொன்ன கணக்கு: 2020இல் ஏற்றிய தீர்ப்புகள் 1.92 கோடி, 2022இல் 1.04 கோடி, 2023 டிசம்பர் வரை 51 லட்சம். இவ்வளவு சரிவுக்குத் தனியுரிமை ஒன்றே காரணம் என்று நானும் நம்பவில்லை.

இனி வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். படித்த அன்றே பக்கத்தை முழுசாகச் சேமியுங்கள், தேதியோடு. இரண்டு வன்தட்டில் வையுங்கள், ஒன்று சீனாவுக்கு வெளியே இருக்கட்டும். 2020 செப்டம்பரிலிருந்து கைப்பேசி எண் கொடுத்துத்தான் வென்ஷுவுக்குள் போக முடியும், அதனால் அங்குள்ள நண்பரின் எண்ணைக் கடன் வாங்காதீர்கள். தேடலெல்லாம் அவர் பேரில் பதியும். 2021இல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டன, இரண்டையும் படிக்காமல் மொத்தமாக இறக்கும் நிரல் எழுத வேண்டாம். சீன ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளமான சி.என்.கே.ஐ., அங்குள்ள ஆய்வேடுகளை வெளிநாட்டு நூலகங்களுக்குக் கொடுப்பதை 2023 ஏப்ரலில் நிறுத்தியது, அவை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் தலைப்பு எடுக்காதீர்கள். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தொடங்கிய வழக்குத் தொகுப்பில் தேர்ந்தெடுத்துப் போட்ட சில ஆயிரம்தான் உண்டு. அதை வைத்து 'நீதிமன்றங்கள் இப்படி' என்று எழுதினால் புறத்தேர்வாளர் விடமாட்டார்.

நொச்சி:
ஐயா, சேமிக்காமல் விட்டது தப்பு என்று வேம்புவுக்கே தெரியும், அதைத்தானே எழுதியிருக்கிறார். மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

என்னுடையது சின்னது. ஹாங்ஜோ இணைய நீதிமன்றம், 2017 ஆகஸ்டில் தொடங்கியதே, அதில் ஒரு விசாரணை. இணையக் கடை நடத்தும் ஒரு அக்கா. அவர் அறையில், கேமராவில் படாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். நீதிபதி திரையில் வந்ததும் அக்கா சட்டென்று எழுந்து நின்றார். கேமராவில் அவர் வயிறும் ஏப்ரனும் மட்டும் தெரிந்தன. உட்காருங்கள், முகம் தெரியவில்லை என்றார் நீதிபதி, நல்ல குரலில். உட்கார்ந்தார். தன் பெயரைக் கூப்பிட்டதும் மறுபடியும் எழுந்துவிட்டார். ஆய்வேட்டில் இதை எங்கே வைப்பது என்று இன்றுவரை பிடிபடவில்லை.

வேம்பு:
பழுப்புக்கோப்பு ஐயா சொல்வது சரி, அந்தச் சொல்லை அவசரப்பட்டுப் போட்டுவிட்டேன். அந்த ஜாங் பெரியவரே எடுக்கச் சொல்லியிருந்தால்? நான் யோசிக்கவே இல்லை. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். 2021க்கு முன் நிலக் கையகப்படுத்தல் வழக்குகளைச் சேமித்தவர்கள் யாராவது இருந்தால், 'இலந்தை மரம் மூன்று' என்று தேடிப் பாருங்கள். மரத்துக்கு எவ்வளவு கொடுக்கச் சொன்னார்கள், கொடுக்கவே சொன்னார்களா, எனக்கு நினைவில்லை.