அட்லாண்டா கேஸ் பில்: 11 தெர்முக்கு 45 டாலரா?

தேவகோட்டை வளவு:
எல்லாருக்கும் வணக்கம். மகள் வீடு அட்லாண்டா பக்கம், டிகேட்டரில். பில்களை எல்லாம் வாட்ஸப்பில் அனுப்பிவிடுவாள், கணக்கு இங்கே நான் எழுதி வைக்கிறேன். கரண்ட், தண்ணி, இன்டர்நெட் எல்லாம் புரிகிறது. கேஸ் பில் மட்டும் பிடிபடவில்லை.

ஜனவரி: முந்தைய ரீடிங் 4312, இப்போதைய ரீடிங் 4426. பயன்பாடு 118 தெர்ம். கேஸ் 82.48 டாலர், ஏஜிஎல் பாஸ் த்ரூ 44.10, கஸ்டமர் சர்வீஸ் 7.95, வரி 10.76. மொத்தம் 145.29.

ஜூலை: 11 தெர்ம். கேஸ் 7.69, ஏஜிஎல் 26.60, சர்வீஸ் 7.95, வரி 3.38. மொத்தம் 45.62.

4426-ல் 4312 போனால் 114தானே, 118 எங்கிருந்து வந்தது? ஜூலையில் கேஸ் 8 டாலர்கூட இல்லை, பில் மட்டும் ஏன் 45? கம்பெனியை மாற்றினால் அந்த ஏஜிஎல் தொகை குறையுமா?

செக்காலை ரோடு:
ஐயா, பில் சரியாத்தான் இருக்கு. 114, 118 சங்கதியை முதல்ல முடிச்சிருவோம். மீட்டர் அளக்கிறது கன அடி. ஒரு எண் ஓடினா 100 கன அடி, அதுக்குப் பேரு சிசிஎஃப். விக்கிறது வெப்பத்துக்கு, அதாவது தெர்முக்கு. ஒரு தெர்ம்னா ஒரு லட்சம் பிடியு (வெப்பத்தை அளக்கிற அலகு). குழாயில் வர்ற கேஸோட வெப்ப அளவு மாசத்துக்கு மாசம் கொஞ்சம் மாறும், அதனால பில்லில் ஒரு பெருக்கு எண் போட்டிருப்பாங்க. உங்க கணக்கில் அது 1.035. 114-ஐ அதால பெருக்கினா 118. அந்த எண் 1.02, 1.04-ன்னு இருந்தா கவலை வேண்டாம். 1.3-ன்னு கண்டா மட்டும் போன் போடுங்க.

இனி ரெண்டு கம்பெனி ஏன்னு. அட்லாண்டா இருக்கிற ஜார்ஜியா மாநிலத்தில் 1997-ல ஒரு சட்டம் போட்டு கேஸ் விக்கிறதையும் குழாயையும் பிரிச்சுட்டாங்க. குழாய், மீட்டர், ரீடிங் எல்லாம் அட்லாண்டா கேஸ் லைட், சுருக்கமா ஏஜிஎல். அவங்க வீட்டுக்காரங்களுக்கு கேஸ் விக்கிறதில்லை. விக்கிறவங்களை அங்கே மார்க்கெட்டர்னு சொல்வாங்க. உங்க மகளுக்கு பில் அனுப்புறவர் அவர்தான். ஏஜிஎல்லுக்குச் சேர வேண்டியதை அதே பில்லில் வாங்கி அங்கே கட்டிடுவார். ஆக, மார்க்கெட்டரை மாத்தினாலும் ஏஜிஎல் தொகை ஒரு சென்ட் குறையாது. அது குடும்பத்துக்கு இவ்வளவுன்னு கோவிலுக்குக் கட்டுற நம்ம புள்ளி வரி மாதிரி, ஊரில் இருந்தாலும் இல்லாட்டியும் புள்ளிக்கு உண்டானதைக் கட்டித்தான் ஆகணும்.

அந்தத் தொகை வீட்டுக்கு வீடு மாறும். டிடிடிசின்னு ஒரு எண் பில்லில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்க. ஊரே நடுங்குற கடும் குளிர் நாளில் அந்த வீடு எவ்வளவு கேஸ் இழுக்கும்னு பழைய பயன்பாட்டை வச்சுக் கணக்குப் போட்டு, அந்த அளவுக்குக் குழாயில் ஒதுக்கி வச்ச இடம் அது. வருஷத்துக்கு ஒருக்கா மாத்திக் கணக்கிடுவாங்க. வீட்டோடு ஒட்டினது, ஆளோடு இல்லை. முன்னே குடியிருந்தவர் ஹீட்டரை 76 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வச்சு எரிச்சிருந்தா, புதுசா வந்தவர் தலையில் அது விழும். குளிர்காலத்துத் தொகை கூடவும் கோடையில் குறைவாவும் வர்ற மாதிரி பிரிச்சிருக்காங்க, அதான் உங்களுக்கு 44-ம் 26-ம்.

இதில் ஒரு சூட்சுமம்: ஜூலையில் சுடுதண்ணியைக் குறைச்சு 3 தெர்ம் மிச்சம் பிடிச்சா ரெண்டு டாலர் சொச்சம். ஜனவரியில் தெர்மோஸ்டாட்டை ரெண்டு டிகிரி இறக்கினா அந்த மாசப் பில்லும் குறையும், அடுத்த டிடிடிசியும் இறங்க வழி உண்டு.

ஒரு அளவுக்குச் சொல்றேன்: நம்ம 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கிற வெப்பம் ஆறரை தெர்ம் சொச்சம். ஜனவரியில் மகள் வீட்டில் எரிஞ்சது ஏறக்குறைய 18 சிலிண்டர். அடுப்பு இல்லை, முக்கால்வாசி வீட்டுச் சூடுதான்.

கோட்டையூர் கணக்கு:
மேலே சொன்னது சரி. நீங்க பேரம் பேச முடிகிற இடம் ரெண்டே ரெண்டு: தெர்ம் விலை, மாத சர்வீஸ் சார்ஜ். விளம்பரத்தில் முதலாவதைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள்.

ஒரு உதாரணம், எண்கள் நான் வைத்தவை. ‘அ’ திட்டம்: தெர்ம் 59.9 சென்ட், சர்வீஸ் 9.95 டாலர். ‘ஆ’ திட்டம்: 69.9 சென்ட், சர்வீஸ் 5.95. சர்வீஸில் மாதம் 4 டாலர் வித்தியாசம், வருடத்துக்கு 48. தெர்முக்கு 10 சென்ட் வித்தியாசம். 48-ஐ 0.10-ஆல் வகுத்தால் 480. வருடத்துக்கு 480 தெர்முக்கு மேல் எரிக்கும் தனி வீட்டுக்கு ‘அ’ லாபம். 300 தெர்மோடு நிற்கும் அபார்ட்மென்டுக்கு ‘ஆ’ 18 டாலர் குறைவு. எனவே முதலில் 12 மாதத் தெர்மைக் கூட்டுங்கள், பிறகு திட்டம் பாருங்கள். ஜார்ஜியா பப்ளிக் சர்வீஸ் கமிஷன் தளத்தில் எல்லா மார்க்கெட்டர்களின் விலையும் மாதாமாதம் பக்கம் பக்கமாகப் போடுகிறார்கள், அங்கிருந்தே எடுக்கலாம்.

பில் திடீரென்று எகிறினால் நான் பார்க்கும் வரிசை: பில்லில் எத்தனை நாள் (29-க்கும் 34-க்கும் நிறைய வித்தியாசம்), ரீடிங் நிஜமா ‘எஸ்டிமேட்டட்’டா (மீட்டரைப் பார்க்காமல் உத்தேசமாகப் போட்டதா), தெர்ம் விலை போன மாதத்ததா. பெரும்பாலும் மூன்றாவதில்தான் சிக்கும். அறிமுக விலை முடிந்திருக்கும், இல்லையென்றால் விலை மாறாத ஃபிக்ஸட் ஒப்பந்தம் முடிந்து, மாதாமாதம் விலை மாறும் வேரியபிளுக்குத் தானாகப் போயிருக்கும். முன்கூட்டித் தகவல் அனுப்புவார்கள், ஆனால் அதை யார் படிக்கிறார்கள்! ஒப்பந்தம் முடியும் தேதியை இன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

தேவகோட்டை வளவு:
தெளிவாகிவிட்டது, நன்றி. டிடிடிசி பில்லின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. இன்னொன்று: பக்கத்து வீட்டுக்காரருக்கு அதே மார்க்கெட்டரிடம் சர்வீஸ் சார்ஜ் 5.95-தானாம். மகளுக்கு மட்டும் ஏன் 7.95? மாற்றச் சொல்லலாமா?

கோட்டையூர் கணக்கு:
கிரெடிட் ஸ்கோர். அமெரிக்கா போன புதிதில் கடன் வரலாறே இருக்காது, அதனால் சர்வீஸ் சார்ஜைக் கூட்டி வைப்பார்கள், சிலரிடம் டெபாசிட்டும் கேட்பார்கள். டெபாசிட் 150 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. கிரெடிட் கார்டு ஒழுங்காகக் கட்டி ஒரு வருடம் ஆகியிருந்தால், ‘என் கிரெடிட்டை மறுபடி பாருங்கள்’ என்று மகள் கேட்கலாம். கேட்காமல் அவர்களாகக் குறைப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

மார்க்கெட்டரை மாற்றுவது வருடத்துக்கு ஒருமுறை இலவசம். குழாயைத் தொடமாட்டார்கள், கேஸ் நிற்காது. ஃபிக்ஸட்டில் இருந்தால் இடையில் முறிக்க அபராதம் உண்டா என்று முதலில் ஒப்பந்தத்தில் பாருங்கள். புதிதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மனம் மாறினால் மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம்.

பள்ளத்தூர் 630107:
ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. வாசலுக்கு வந்து ‘பில்லைக் காட்டுங்க, குறைச்சுத் தர்றேன்’னு சொல்றவங்ககிட்ட பில்லைக் கொடுக்கக் கூடாது. கணக்கு எண் கிடைச்சா திட்டத்தை மாத்திவிட்டுருவாங்க. போன்லயும் அப்படித்தான்.

அடுத்தது, கேஸ் வாசனை வந்தா மார்க்கெட்டருக்குப் போன் போட்டுப் பிரயோசனம் இல்லை, ஆள் அனுப்புறது ஏஜிஎல். சுவிட்சைத் தொடாம வெளியே வந்து, தள்ளி நின்னுதான் கூப்பிடணும். அந்த நம்பர் பில்லிலேயே இருக்கும், மகளை இப்பவே போனில் பதிஞ்சுக்கச் சொல்லுங்க.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு: இதெல்லாம் ஏஜிஎல் குழாய் இருக்கிற வீட்டுக்கு. லாரன்ஸ்வில், பியூஃபர்டு மாதிரி நகராட்சியே கேஸ் விக்கிற ஊரில் மார்க்கெட்டர் தேர்வே கிடையாது. சிகாகோ புறநகரில் நைகோர் குழாய்க்காரங்க தாங்களே கேஸும் விக்கிறாங்க; வெளி சப்ளையரைத் தேர்ந்தெடுக்காட்டி தானா அவங்ககிட்டதான் இருப்பீங்க. வீடு மாறும்போது அங்கே பார்த்த கணக்கை இங்கே போடாதீங்க.