தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது சறுக்கும் இடங்கள்

மலையக ஆங்கில ஆசிரியர்கள் மூவர் எழுதியவை:

அட்டனிலிருந்து:
சாதாரண தரப் பரீட்சைக்கு (ஓ/எல்) படிக்கும் மாணவர்களின் கொப்பிகளில் அடிக்கடி காணாமல் போவது ‘இஸ்’. “மை பாதர் கங்காணி” என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். “அப்பா கங்காணி” தமிழில் முழு வசனம், அதனால் பிள்ளைக்குக் குறை தெரிவதில்லை. ஆங்கிலத்தில் வினை கட்டாயம்: “மை பாதர் இஸ் எ கங்காணி”. எழுவாயும் அப்படித்தான். நுவரெலியாப் பக்கம் “குளிருது” என்ற ஒரு சொல்லே போதும். ஆங்கிலத்தில் எதையும் குறிக்காத ஓர் ‘இட்’டையாவது எழுவாய் இடத்தில் வைக்க வேண்டும்: “இட் இஸ் கோல்ட்”. “எனக்குக் குளிருது” என்றால் ‘எனக்கு’வைப் பார்த்து ‘டு மீ’ எழுதக்கூடாது; “ஐ ஆம் கோல்ட்”.

பண்டாரவளையிலிருந்து:
அட்டன் சேர் சொன்னதோடு ‘டிட்’டையும் சேர்க்க வேண்டும், நிறையப் புள்ளி அதில்தான் போகிறது. “டிட் யூ வென்ட் டு பதுளை?” என்று எழுதுகிறார்கள். தமிழில் “போனாய்” என்பதோடு ‘ஆ’ சேர்ந்தால் “போனாயா”. காலம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆங்கிலத்தில் ‘டிட்’ முன்னே வந்து காலத்தை வாங்கிக்கொள்கிறது, ‘வென்ட்’ வெறும் ‘கோ’ ஆகிவிடும். “ஷீ பிளக்ஸ் டீ லீவ்ஸ்” கேள்வியானால் ‘பிளக்ஸ்’ஸின் கடைசி ‘ஸ்’ ‘டஸ்’ஸுக்குள் போய்விடும்: “டஸ் ஷீ பிளக் டீ லீவ்ஸ்?” மறுப்பிலும் அப்படியே: “ஷீ டஸ் நொட் பிளக்”. முதலில் சாதாரண வசனத்தை எழுதவைத்து, வினையில் ஒட்டியிருப்பதற்குக் கீழே கோடு போடச் சொல்லுங்கள். கோடு போட்டதை வெட்டி முன்னே கொண்டுபோவது அடுத்த வேலை. ‘இஸ்’, ‘வோஸ்’, ‘கேன்’ ஏற்கெனவே இருந்தால் ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ வேண்டாம். கேள்வியில் அதுவே எழுவாய்க்கு முன்னால் போகும்.

பதுளையிலிருந்து:
நீள வசனத்துக்கு ஒரு வழி இருக்கிறது. “அம்மா காலையில் மலையில் கொழுந்து பறிக்கிறார்.” எழுவாயை முதலில் வையுங்கள். பிறகு கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: பறிக்கிறார், கொழுந்து, மலையில், காலையில். “மதர் பிளக்ஸ் டீ லீவ்ஸ் ஒன் த ஹில் இன் த மோர்னிங்.” ‘மலையில்’ என்பதன் பின்னால் நின்ற ‘இல்’கூட ‘ஒன்’ ஆகி முன்னால் வந்துவிட்டது. பெயரடை திரும்பாது: “நல்ல கொழுந்து” ஆங்கிலத்திலும் “குட் லீவ்ஸ்”. பெயரெச்சம் திரும்பும்: “நேற்று வந்த டீச்சர்” என்பது “த டீச்சர் ஹூ கேம் யெஸ்டர்டே”. அந்த ‘ஹூ’வை விட்டு “யெஸ்டர்டே கேம் டீச்சர்” என்று எழுதுவதைத் தரம் 11 வரைக்கும் காணலாம், அதனால் இதைத் தனிப்பாடமாகவே எடுங்கள்.